ஞானப்பல் எடுத்த பிறகு வரும் வலிக்கு நீண்ட நேர மரப்பு ஊசி: மலையிலிருந்து சேலம் போய் வந்தவளின் மதிப்பீடு

ஞானப்பல் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எடுக்கும்போது வலிக்குமா?" என்றுதான். ஊசி சரியாக இறங்கிவிட்டால் வலிக்காது. அழுத்துவது தெரியும், எலும்பை அராவும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். உண்மையான வலி, நாம் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, மரப்பு விடும் நேரத்தில் வருகிறது. அந்த நேரத்தைத் தாண்ட உதவுகிற, நீண்ட நேரம் மரக்கவைக்கும் பியூபிவகைன் என்று ஒரு மருந்து இருக்கிறது. சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் உள்ள ஒரு பல் மருத்துவமனையில் அதைப் போட்டுக்கொண்டேன். என் கணக்கில் ஐந்துக்கு நாலரை மதிப்பெண். அரை மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதையும் சொல்கிறேன்.

ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது. என் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஞானப்பல் படுத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. இரண்டையும் ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பை எடுத்து, பல்லைத் துண்டாக்கித்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. இடப் பக்கத்துப் பல்லைப் போன வருஷம் வேறு ஓர் இடத்தில், வழக்கமான மரப்பு ஊசி மட்டும் போட்டு எடுத்தார்கள். வலப் பக்கத்தை இந்த வருஷம் எடுத்தபோது பியூபிவகைனும் சேர்ந்தது. ஆள் ஒன்று, தாடை ஒன்று, பல் கிடந்த கிடையும் ஏறக்குறைய ஒன்று. மாறியது மருந்தும் மருத்துவமனையும்தான்.

நான் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பல்லை அறுவை செய்து எடுக்க வேண்டுமென்றால் எங்களுக்குச் சேலம்தான். அடிவாரத்திலிருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல நாளிலேயே சிலருக்கு வயிற்றைப் புரட்டும் பாதை அது. இடப் பக்கத்துப் பல்லுக்குச் சாயங்காலம்தான் நேரம் கொடுத்தார்கள். முடித்து, வாயில் பஞ்சைக் கடிக்க வைத்து, மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முதல் மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வலிச்சா போடுங்க" என்று மட்டும் சொன்னார்கள். பாதி வளைவுகள் ஏறுவதற்குள் வலி ஆரம்பித்துவிட்டது. முதலில் காதுக்குள் ஒரு குத்தல், பிறகு தாடை முழுக்க. வெளியே பனி மூட்டம், என் வீட்டுக்காரர் வண்டியை மெதுவாகத்தான் ஓட்ட முடியும். ஒவ்வொரு வளைவில் வண்டி சாயும்போதும் ரத்தம் முழுவதும் அந்தக் குழிக்குள் வந்து இடிப்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டும், அது வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

அந்த ராத்திரியை நினைத்துத்தான் வலப் பக்கத்துப் பல்லைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஈறில் சீழ் வைத்து வாயைத் திறக்க முடியாமல் போன பிறகு, இனித் தள்ளிப்போட முடியாது என்று சேலம் போனோம். சீழ் இருக்கும்போது உடனே எடுக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீக்கமும் சீழும் உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும், அங்கே மரப்பு மருந்து நரம்புக்குள் சரியாக இறங்காது என்று விளக்கினார். முதலில் ஈறைச் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து ஆறவைத்துவிட்டுப் பிறகு நாள் குறித்தார். "ஊசி போட்டும் எனக்கு மரக்கலை" என்று யாராவது சொன்னால் பல நேரம் காரணம் இதுதான்.

இந்த டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். "எங்கிருந்து வர்றீங்க? திரும்பிப் போக எவ்வளவு நேரமாகும்?"

ஏற்காடு என்றேன். இடப் பக்கத்துப் பல்லின் கதையையும் சொன்னேன். "அப்படின்னா கடைசியில் இன்னொரு ஊசி போட்டுவிடறேன். ராத்திரி வரைக்கும் தாங்கும். காலையிலேயே வந்துடுங்க" என்றார். வாய் அறுவை மருத்துவம் படித்தவர், வயதில் என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார். ரத்த அழுத்தம் பார்த்தார், எடை கேட்டார். இதய நோய், ஆஸ்துமா, ஒவ்வாமை, வயிற்றுப்புண், கர்ப்பம், வேறு மாத்திரைகள் என்று வரிசையாக விசாரித்தார். எடை எதற்கு என்றால், மரப்பு மருந்துகளுக்கு உடல் எடைக்குத் தக்க உச்ச அளவு உண்டு. இரண்டு மருந்து போடும்போது இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டுமாம். கணக்கு எழுதுகிறவளுக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்தது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் 2 சதவீத லிக்னோகைன், கூடவே அட்ரினலின். இதுதான் நம் ஊரில் எந்தப் பல் மருத்துவமனையிலும் இருக்கும் வழக்கமான மருந்து. மேல்தாடை எலும்பு மெலிசு, அதனால் பல்லுக்குப் பக்கத்தில் போட்டாலே போதும். கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்பு கெட்டி. அதனால் வாயின் கடைக்கோடியில், நரம்பு தாடைக்குள் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். சில நிமிஷத்தில் பாதி உதடு, பாதி நாக்கு, தாடையின் பாதி எல்லாம் மரத்துவிடும். அட்ரினலின் எதற்கென்றால், ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து ரத்தத்தில் கலந்து ஓடிவிடாமல் அங்கேயே நிறுத்தி வைக்க. ரத்தக் கசிவும் குறையும். ஊசி போட்டதும் நெஞ்சு கொஞ்சம் படபடத்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது அட்ரினலின் வேலை. ஆனால் உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

லிக்னோகைனில் பல்லும் எலும்பும் மரத்திருப்பது ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். உதடும் நாக்கும் 3 முதல் 5 மணி நேரம். இந்த வித்தியாசம்தான் போன வருஷம் என்னைக் கவிழ்த்தது. உதடு மரத்தேதான் இருந்தது, ஆனால் உள்ளே எலும்பு விழித்துக்கொண்டது.

பல்லை எடுத்து, தையல் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாவது ஊசி. 0.5 சதவீத பியூபிவகைன். இது மரக்க ஆரம்பிக்கவே 6 முதல் 10 நிமிஷம் ஆகுமாம். ஏற்கனவே லிக்னோகைன் வேலை செய்துகொண்டிருந்ததால் அந்தத் தாமதம் எனக்குத் தெரியவில்லை. ஊசி குத்தியதும் தெரியவில்லை. மருந்தைச் செலுத்தும் முன் சிரிஞ்சைக் கொஞ்சம் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்தார். இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். இந்த மருந்து தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் இதயத்தைப் பாதிக்கக்கூடியது, லிக்னோகைனைவிட இதில் கவனம் அதிகம் தேவை என்று அவரே சொன்னார். மறைக்காமல் சொன்னது எனக்கு நம்பிக்கையைத்தான் கூட்டியது.

இரண்டு மருந்துமே செய்வது ஒரே வேலை. வலிச் செய்தி நரம்பு வழியாகப் போக வேண்டுமென்றால் சோடியம் நரம்புக்குள் நுழைய வேண்டும். அது நுழைகிற வாசலை இவை அடைத்துவிடுகின்றன. செய்தி மூளைக்குப் போவதில்லை. பியூபிவகைன் கொழுப்பில் நன்றாகக் கரையும், புரதத்தோடு சுமார் 95 சதவீதம் பிணைந்துகொள்ளும். லிக்னோகைன் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். பலாப்பழப் பால் விரலில் ஒட்டினால் எளிதில் போகாதே, அப்படி நரம்பை விடாமல் பிடித்துக்கொள்வதால்தான் அதற்கு 4 முதல் 9 மணி நேரம், சிலருக்கு 12 மணி நேரம் வரைகூட மரப்பு. இரண்டும் சுவீடனில் பிறந்தவை. லிக்னோகைன் 1943இல், நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கியது. பியூபிவகைன் 1957இல். அதற்கெல்லாம் முன்னால், 1884இல், கண் அறுவைக்குக் கொக்கைனைப் பயன்படுத்திக் காட்டினார் கார்ல் கோலர். இந்த வகை மருந்துகளின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்றைக்கு லிக்னோகைன், பியூபிவகைன் இரண்டுமே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது இது பணக்காரர்களுக்கான புதுச் சரக்கு கிடையாது. பழைய, சாதாரண மருந்து. பிறகு ஏன் கேட்டால்தான் கிடைக்கிறது என்பது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மதியத்துக்கு முன்பே கிளம்பிவிட்டோம். அடிவாரம் தாண்டினோம், வளைவுகள் வந்தன, ஒன்றும் ஆகவில்லை. வலி எங்கே, எங்கே என்று எதிர்பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேலே ஏற்காட்டில் ஒண்டிக்கடை வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினேன்! போன முறை தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லாத நேரம் அது. எழுந்தபோது சாயங்காலம், உதடு அப்போதும் கட்டை மாதிரிதான் கிடந்தது.

இரண்டாவது நல்ல விஷயம் மாத்திரை நேரம். மரப்பு இருக்கும்போதே முதல் மாத்திரையைப் போட்டுவிட வேண்டும் என்று மணியைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்துதான் வீக்கமும் வலியும் கூடுகின்றன. இபுபுரூஃபன் அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. முன்கூட்டியே போட்டால், மரப்பு விடும்போது மாத்திரை காவலுக்கு வந்து நின்றிருக்கும். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கு 400 மி.கி. இபுபுரூஃபன், 1000 மி.கி. பாராசிட்டமாலைவிட நன்றாக வேலை செய்கிறது என்றும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் பலன் கூடலாம் என்றும் 2013இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, சிலவகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இபுபுரூஃபன் ஒத்துவராது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் போடுங்கள்.

ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு மேல்தான் உதட்டில் சுறுசுறுவென்று உணர்வு திரும்பியது. பிறகு வலி வந்தது. வராமல் போகவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் போன வருஷம் இடித்துக்கொண்டு வந்த வலி இந்த முறை ஒரு கனமான நோவாகத்தான் இருந்தது. நடுவில் எழுந்து அடுத்த வேளை மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி படுத்தேன். இந்த வலி முதல் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அந்த உச்சத்தின் பெரும்பகுதியை மரப்பிலேயே கடந்துவிட்டேன் என்பதுதான் எனக்குக் கிடைத்த லாபம்.

இனி குறைகள். ராத்திரி வரை பாதி வாய் நம்முடையதாக இருக்காது. எச்சில் வழிவது தெரியாது, பேச்சு குழறும். எஸ்டேட்டிலிருந்து ஃபோன் வந்தபோது நான் சொன்ன எண்களை ரைட்டர் அண்ணன் தப்பாகக் குறித்துக்கொண்டு, பிறகு என் வீட்டுக்காரர் வாங்கித் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இதைவிடப் பெரியது சூடு தெரியாதது. ஏற்காட்டுக் குளிரில் சாயங்காலம் கையில் காபி டம்ளர் இல்லாமல் இருப்பது கஷ்டம்தான், ஆனால் மரத்த வாயில் கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றினால் வெந்து போவது நமக்குத் தெரியாது. அத்தை பாசமாக டம்ளரை நீட்டினார். ஆறவைத்து, அது பச்சைத் தண்ணீர் மாதிரி ஆன பிறகு குடித்தேன். நாக்கையும் கன்னத்தையும் கடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இதனால்தான் 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பல் மருத்துவத்தில் இந்த மருந்தைப் பரிந்துரைப்பதில்லை. அவர்கள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மரத்துப்போன உணர்வே சகிக்காது என்பவர்களும் உண்டு. என் தங்கை அப்படி. அவளுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

இந்த ஊசி செய்யாத வேலைகளும் இருக்கின்றன. வீக்கத்தை இது குறைக்காது. இரண்டாம் மூன்றாம் நாள் என் கன்னம் இரண்டு முறையும் ஒரே அளவுக்குத்தான் வீங்கியது. வாய் திறக்க முடியாமல் தாடை இறுகியதும் அப்படித்தான். முதல் நாள் ஐஸ் ஒத்தடம், பிறகு உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிப்பது, இதெல்லாம் எப்போதும் போலத்தான். குழியில் உறைந்த ரத்தக்கட்டி கலைந்து எலும்பு வெளியே தெரிந்தால் மூன்று நான்கு நாளில் காது வரை இழுக்கும் வலி வரும். அதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை. புகைபிடிப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது என்பார்கள். தயிர்சாதம், ஆறிய ராகிக் கூழ், குழைந்த ரசம் சாதம் என்று ஓட்டினேன். சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட்டை விட்டுக்கொடுப்பது பெரிய தியாகம், ஆனால் அந்த நொறுங்கல் துண்டு தையலுக்குள் போய் உட்கார்ந்தால் எடுக்க முடியாது. வாய் நன்றாகத் திறக்கும் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் சொன்ன இரண்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பலர் இதற்காகவே பல்லை எடுக்காமல் கிடக்கிறார்கள். பல்லைப் பிடுங்கினால், அதுவும் ஊசி போட்டுப் பிடுங்கினால், கண் பார்வை மங்கிவிடும் என்று அத்தை உறுதியாக நம்பினார். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. டாக்டர் அத்தையையே உட்காரவைத்து, "உங்க வயசுக்கு வர்ற புரைக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லைங்கம்மா" என்று பொறுமையாகச் சொன்னார். இன்னொன்று கிராம்பு. மலையில் எல்லார் வீட்டிலும் கிராம்பு உண்டு. அதில் உள்ள யூஜினாலுக்கு மரக்கவைக்கும் குணம் உண்மையிலேயே இருக்கிறது, பல் மருத்துவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதற்காகப் பல் எடுத்த பச்சைப் புண்ணில் கிராம்பையோ கிராம்பு எண்ணெயையோ நாமே வைக்கக் கூடாது, புண் எரிந்துவிடும்.

ஆர்ட்டிகைன் என்று 4 சதவீத மருந்து ஒன்றும் இருக்கிறது, அதைப் போடலாமே என்று கேட்டேன். எலும்புக்குள் நன்றாக ஊடுருவும், நல்ல மருந்துதான், ஆனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்தால் லிக்னோகைனுக்குப் பக்கத்தில்தான் வரும், ராத்திரி வரை தாங்காது என்றார்.

மருத்துவமனையைப் பற்றி. சுத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஊசியை என் கண் முன்னால்தான் உறை பிரித்தார்கள். இரண்டாவது ஊசிக்கென்று தனியாகப் பெரிய தொகை எதுவும் போடவில்லை. மறுநாள் காலையில் அவர்களே ஃபோன் செய்து, உதட்டில் உணர்வு முழுதாக வந்துவிட்டதா, எங்காவது மரப்பு மிச்சம் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். கீழ் ஞானப்பல்லின் வேர் நரம்புக்குப் பக்கத்தில் இருக்கும், அபூர்வமாக அந்த நரம்பு அடிபடலாம். நீண்ட நேர மருந்து போட்டால் அது முதல் நாளில் தெரியாது, அதனால்தான் மறுநாள் கேட்கிறோம் என்றார்கள். ஒரு வாரம் கழித்துத் தையல் பிரித்ததும் வலியில்லாமல் முடிந்தது. வண்டி நிறுத்த இடம் கிடையாது, பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். நேரம் வாங்கும்போது காலை முதல் ஆளாகக் கேளுங்கள். ஏற்காடு, வாழப்பாடி, மேட்டூர் என்று தூரத்திலிருந்து போகிறவர்கள் ஊர் பேரையும் சொல்லி, "ராத்திரி வரை தாங்குகிற மரப்பு ஊசி எனக்கு ஒத்துவருமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரை மதிப்பெண் குறைந்த இடம் இதுதான்: அவர்கள் கையில் கொடுக்கிற அறிவுரைத் தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் எஸ்டேட்டில் காபி பறிக்கும் அக்காக்கள் யாராவது இங்கே வந்து பல் எடுத்துக்கொண்டு போனால், மரப்பு விடும் வரை சூடாக எதையும் குடிக்கக் கூடாது என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்? தையல் பிரிக்கப் போனபோது வரவேற்பில் இருந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார், நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதினோம். சூடான காபி, டீ பற்றிய வரியையும் முதல் மாத்திரை எப்போது என்பதையும் மேலேயே போடச் சொன்னேன். அச்சடித்து வைக்கிறோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.